சோமம் விற்றவனும் சுங்க வாயிலும்

அண்டை நாடுகள் இரண்டு தமக்குள் பகைகொள்ளும்போது படை நகர்வதற்கு முன்பே சரக்கு நின்றுவிடுகிறது. சரக்கை நிறுத்துவதால் எவர் உயிரும் உடனடியாகப் போவதில்லை என்பதால், போரைவிட இது மென்மையான வழி என்று அரசுகள் கருதுகின்றன. மக்களும் பெரும்பாலும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். போர் தொடுக்கும் முன் பசுக்களும் பெண்டிரும் பிணியாளரும் புதல்வரைப் பெறாதவரும் அரண் தேடிச் செல்லும்படி அறிவிப்பதைப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் அறநெறியாகப் புறநானூறு போற்றுகிறது. வாளுக்கு இப்படி வரம்பு கட்டிய மரபு, வணிகத்தடைக்கு அதே அளவு தெளிவான வரம்பு எதையும் விட்டுச்செல்லவில்லை. பகையில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர், தான் பார்த்தேயிராத ஓர் எல்லைச்சாவடி மூடப்பட்டதால் தன் கூலியை இழப்பாரானால், அந்த இழப்பு யாருடைய வினை, யாருடைய பொறுப்பு என்ற கேள்வி பொருளியலில் அடங்குவதன்று. அது அறவியல் கேள்வி. சடங்கு நூல்களிலும் அதற்கு எதிர்பாராத அளவில் விடைத்துணுக்குகள் கிடைக்கின்றன.

இக்கேள்வியை எழுப்புவதற்கு மைசூரைவிடப் பொருத்தமான நகரம் எளிதில் அகப்படாது. அண்டை நாட்டைப் பகையாகக் கருதும் கோட்பாட்டை இந்திய மரபில் மிக விரிவாக வகுத்த நூலான கௌடலியரின் அர்த்தசாஸ்திரம், பல நூற்றாண்டுகளாகப் பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்து, இந்நகரத்தில்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. 1891இல் நிறுவப்பட்ட மைசூர் கீழைத்தேய நூலகத்துக்குத் தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றைக் கொடுத்தார். அங்கு நூலகராகப் பணியாற்றிய ஆர். சாமசாஸ்திரி 1905இல் அது இன்னதென அடையாளம் கண்டு, 1909இல் மூலத்தையும் 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார்.

அந்நூலின் மண்டலக் கோட்பாடு எளிமையானது. வெற்றியை நாடும் அரசன் நடுவில் இருக்க, அவன் எல்லையை ஒட்டி ஆள்பவன் இயல்பிலேயே பகைவன், அப்பகைவனுக்கு அப்பால் உள்ளவன் நண்பன், அதற்கும் அப்பால் உள்ளவன் பகைவனின் நண்பன் என்று வட்டம் வட்டமாக உறவுகள் விரிகின்றன. நிலப்படத்தில் வரைந்தால் இது அழகாகவே இருக்கிறது. ஆனால் அதே நூலின் இரண்டாம் அதிகரணத்தில் பண்டத் தலைவன், சுங்கத் தலைவன் ஆகியோரின் கடமைகளைச் சொல்லும் பகுதிகளுக்கு வரும்போது, வேறொரு கௌடலியர் தென்படுகிறார். அயல்நாட்டுச் சரக்கைக் கொண்டுவரும் வணிகருக்குச் சலுகை காட்டி வரவழைக்க வேண்டும் என்கிறார். வந்தவர் மீது பண வழக்குத் தொடுப்பதற்குத் தடை விதிக்கிறார். நான்காம் அதிகரணத்தில் உள்நாட்டுப் பண்டத்துக்கு நூற்றுக்கு 5 என்று இலாப வரம்பு கட்டுபவர், அயல்நாட்டுப் பண்டத்துக்கு 10 வரை அனுமதிக்கிறார். சுங்கப் பகுதியில், நாட்டைத் துன்புறுத்தும் பண்டத்தை அழித்துவிடச் சொல்லும் அதே மூச்சில், பெரும்பயன் தருவதும் கிடைத்தற்கரிய விதையும் சுங்கமின்றி உள்ளே வரட்டும் என்றும் சொல்கிறார். படைக்கலம், கவசம், உலோகம், தேர், மணி, தானியம், கால்நடை ஆகியவற்றை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கும்போது மீறுபவருக்கு என்ன தண்டனை என்ற இடத்தில் அவர் சேர்க்கும் நிபந்தனை நுட்பமானது: முன்பு பறையறைந்து அறிவித்தபடியே தண்டனை அமைய வேண்டும். அறிவிக்காத தடைக்குத் தண்டனை இல்லை என்பது அதன் உட்கிடை. சாணக்கிய தந்திரம் என்று எதையெல்லாமோ சொல்லும் நம் மேடைப்பேச்சுகளில் இந்த நிபந்தனை காதில் விழுவதேயில்லை.

மண்டலத்தின் வட்டங்களில் அரசர்களுக்கு மட்டுமே இடம் உண்டு. சரக்கோ வட்டத்தை மதித்துப் போவதில்லை. பகைவனின் நிலத்தில் விளைந்து, நண்பனின் துறைமுகத்தில் ஏறி, இரண்டுக்கும் தொடர்பில்லாத ஒருவரின் அடுப்பங்கரையையோ பூசையறையையோ சென்றடைகிறது. இந்த முரண் மைசூரின் வரலாற்றிலேயே கண்கூடாக நிகழ்ந்தது. மைசூரிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தலைநகராகக்கொண்டு ஆண்ட திப்பு சுல்தான், 1785இல் தம் ஆட்சிக்குட்பட்ட துறைமுகங்கள் வழியாகச் சந்தனம், மிளகு, ஏலக்காய் ஆகியவை ஏற்றுமதியாவதை நிறுத்தி, உள்ளூர் வணிகர் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளவும் தடை விதித்தார். தலைச்சேரியில் பண்டகசாலை வைத்திருந்த கம்பெனிக்கு மலபார் மிளகும் சந்தனமும் வெறும் மசாலையும் மரமும் அல்ல. சீனத்தின் காண்டன் துறையில் தேயிலை வாங்குவதற்கான மாற்றுச் சரக்கு அவை. மைசூர்க் காட்டின் சந்தனம் சீனக் கோயில்களில் நறும்புகையாகிக் காற்றில் கரைய, அதற்கு ஈடாகப் பெற்ற தேயிலை இலண்டனில் கோப்பைகளில் ஊறியது. உலகளாவிய வழங்கல் சங்கிலி, அதாவது ஒரு பொருள் மூலப்பொருளாய் இருக்கும் இடத்திலிருந்து நுகர்பவர் கைக்கு வரும்வரை பல நாடுகளில் கைமாறும் தொடர், நேற்று முளைத்ததன்று.

திப்புவின் தடைக்கு நியாயம் இல்லாமலில்லை. வணிகம் என்ற பெயரில் நிலத்தைப் பிடிக்கும் ஓர் அமைப்பிடம் விலைபொருளைக் கொடுப்பது அதன் பீரங்கிக்கு மருந்து நிரப்புவதற்கு ஒப்பானது என்பதை அவர் காலத்து இந்திய அரசர் பலரைவிட அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். மாற்று வழியாக மஸ்கட்டில் வாணிகக் கிடங்கு நடத்தவும் செய்தார். ஆனால் கம்பெனி வாங்கும் விலையில் ஏறுமுகத்தை எதிர்பார்த்திருந்த மலபார் மிளகுக்கொடிக்காரருக்கு, வாங்குபவர் பலராக இருந்த சந்தையில் அரசு ஒன்றே மிஞ்சியது. பக்கத்து நாடான திருவிதாங்கூரோ கம்பெனிக்கு நண்பன். மண்டலக் கோட்பாட்டின் வாய்பாட்டுக்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைக்காது. 1789 டிசம்பரில் திருவிதாங்கூர் அரண்வரிசையை மைசூர்ப் படை தாக்கியதிலிருந்து மூண்ட போர், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் விலையாகக் கேட்டு முடிந்தது. மலபார் மைசூரின் கையைவிட்டுப் போயிற்று.

போர் போனாலும் விதி போகவில்லை என்பதே இதில் நின்று நோக்க வேண்டிய செய்தி. திப்புவின் ஆட்சியில் சந்தனம் அரசுக்கே உரிய மரம் என ஆக்கப்பட்டது. அவருக்குப் பின் வந்த உடையார்களும், ஆங்கிலேய ஆணையர்களும், சுதந்திர இந்தியாவின் மாநில அரசும் அந்த உரிமையை விடவில்லை. தன் தோட்டத்தில் தானே முளைத்த சந்தனமரம் உழவருக்குச் சொந்தமாவதற்கு 2001ஆம் ஆண்டின் கர்நாடக வனச்சட்டத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பகைவன் யார் என்பதே மறந்துபோன பின்னும் பகைக்காகக் கட்டிய வேலி 200 ஆண்டுகள் நிற்க முடியும். சுங்கம் தவிர்த்த சோழன் என்ற பட்டத்தால் முதலாம் குலோத்துங்கனைத் தமிழ் மரபு இன்றும் நினைவுகூர்வதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்: வேலியை நீக்கியவர்கள் அவ்வளவு அரியவர்கள்.

முதல் உலகப்போரின்போது இதே மரம் வேறு வகையில் சிக்கிக்கொண்டது. அதுவரை மைசூர்ச் சந்தனக்கட்டை பெரும்பாலும் செருமனிக்குச் சென்று அங்கேயே எண்ணெயாக வடிக்கப்பட்டு வந்தது. 1914இல் பிரிட்டனும் செருமனியும் பொருதத் தொடங்கியதும் ஏலத்துக்கு வந்த கட்டைகள் கிடங்கில் தேங்கின. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சட்பரோ, வாட்சன் ஆகிய பேராசிரியர்கள் வடிமுறையைச் சோதித்துக் காட்ட, நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், விசுவேசுவரய்யா திவானாக இருந்த காலத்தில், 1916இல் பெங்களூரிலும் அடுத்த ஆண்டு மைசூரிலும் சந்தன எண்ணெய் ஆலைகள் எழுந்தன. 1918இல் சோப்புத் தொழிற்சாலையும் தொடங்கியது. தடை தொழில் வளர்க்கும் என்று வாதிடுவோர் இந்த நிகழ்ச்சியைப் பெருமையோடு சுட்டுவது வழக்கம். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆயினும் மாற்று கிடைத்தது சரக்குக்குத்தான், ஆளுக்கு அன்று. இந்த வேறுபாட்டை மிகக் கூர்மையாகக் கண்டவர்கள் பொருளியலார் அல்லர், மீமாம்சகர்கள்.

மீமாம்சை என்பது வேதத்தின் விதிவாக்கியங்களுக்குப் பொருள்காணும் முறையை ஆராயும் தரிசனம். அதன் மூலநூலான ஜைமினி சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், விதிக்கப்பட்ட பொருள் கிடைக்காதபோது வேள்வியைக் கைவிடுவதா, வேறு பொருளால் முடிப்பதா என்ற விவாதம் வருகிறது. மாற்றாக வரும் பொருளுக்கு அவர்கள் இட்ட பெயர் பிரதிநிதி. இன்று சட்டமன்றத்துக்கு அனுப்பப்படுபவரைக் குறிக்கும் அச்சொல், அங்கே நெல்லுக்குப் பதிலாக வரும் காட்டுநெல்லான நீவாரத்தையும், சோமக்கொடிக்குப் பதிலாக வரும் பூதீகத்தையும் குறிக்கிறது. மாற்று முதற்பொருளை ஒத்திருக்க வேண்டும். ஒத்திருந்தாலும் விலக்கப்பட்டதாக இருக்கக் கூடாது, ஆகவே பச்சைப்பயறு அகப்படாத இடத்தில் அதையொத்த உளுந்தை இட முடியாது. இவையெல்லாம் கொள்முதல் அலுவலர் ஒருவரின் குறிப்பேடுபோலவே இருக்கின்றன. ஆனால் அடுத்து வரும் எல்லைக்கோடு வேறு தளத்தைச் சேர்ந்தது: தெய்வத்துக்கு மாற்று இல்லை, வேள்வித்தீக்கு இல்லை, மந்திரத்துக்கு இல்லை, செயலுக்கு இல்லை, வேள்வியை நடத்தும் எசமானனுக்கும் மாற்று இல்லை. பண்டத்துக்கு ஈடு தேடலாம், ஆளுக்குத் தேட முடியாது.

இந்த விவாதத்துக்கு முதன்மையான எடுத்துக்காட்டாகிய சோமமே விலைக்கு வாங்கப்பட்ட பொருள் என்பது கவனத்துக்குரியது. தொலைமலைகளில் விளைந்த அக்கொடியை வேள்விக்களத்தில் விற்பவன் ஒருவன் இருந்தான். அவனிடம் பேரம் பேசிப் பசுவையும் பொன்னையும் விலையாகக் கொடுப்பதே சோமக்கிரயம் என்ற சடங்கு. வாங்கி முடிந்ததும், கொடுத்த பொன்னைத் திரும்பப் பறித்துக்கொண்டு விற்றவனை அடித்துத் துரத்துவதும் சில சிரௌத நூல்களில் சடங்கின் பகுதியாகிறது. மனுநூல் சோமம் விற்பவனைச் சிராத்தத்துக்கு அழைக்கத் தகாதவர் வரிசையில் வைக்கிறது. கொடி தெய்வம், கொண்டுவந்தவன் இழிந்தவன்! பிறர் கையால் வரும் பொருளின்றித் தன் புனிதம் நிறைவுறாது என்ற உண்மையைச் சமூகம் பொறுத்துக்கொள்ள முடியாதபோது, அது பொருளை வைத்துக்கொண்டு கையை வெறுக்கிறது. அண்டை நாட்டின் சரக்கு வேண்டும், ஆனால் அண்டை நாட்டான் வேண்டாம் என்னும் இக்கால மனநிலைக்கு இதைவிடப் பழைய முன்மாதிரி இருக்க வாய்ப்பில்லை.

மைசூரின் ஊதுபத்தியை அருகிலிருந்து பார்த்தால் இந்தச் சடங்கின் நிழல் அதன்மேல் விழுவது தெரியும். புவிசார் குறியீடு பெற்ற மைசூர் ஊதுபத்திக்கு நறுமணம் உள்ளூர்ப் பெருமை. மட்டிப்பால் மேற்குத்தொடர்ச்சி மலைக்காட்டுப் பிசின். ஆனால் உள்ளே நிற்கும் மூங்கில் குச்சி நெடுந்தொலைவிலிருந்து வருவது. கரித்தூளையும் ஜிகட் எனப்படும் பசைமிக்க மரப்பட்டைத் தூளையும் தண்ணீர்விட்டுப் பிசைந்து, தாழ்ந்த பலகைமேல் குச்சியை வைத்து உள்ளங்கையால் ஒரே உருட்டில் மாவை அதன்மேல் ஏற்றும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தே செய்கிறார்கள். கூலி ஆயிரம் பத்திக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. கையால் உருட்டுவதற்குத் திரிபுராவிலிருந்து வரும், கையால் சீவிய சதுரக் குச்சி போதும். இயந்திரத்துக்கோ ஒரே பருமனுள்ள உருண்டைக் குச்சி வேண்டும், அது வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தது. 2011இல் குச்சியின் இறக்குமதி வரி 30 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைந்தபோது இறக்குமதி பெருகியது. 2019 ஆகஸ்டு 31 அன்று ஊதுபத்தி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட இனமாக மாற்றப்பட்டது. 2020 ஜூனில், சீன எல்லையில் கல்வான் மோதல் நிகழ்ந்த அதே மாதத்தில், குச்சியின் வரி 25 விழுக்காடாக உயர்ந்தது. உள்நாட்டு மூங்கிலுக்கு இது நற்செய்தி என்பதில் ஐயமில்லை. பகைக்கும் காப்புக்கும் நடுவே எந்தக் கணக்கிலும் சேராதவர்கள் இரு கோடிகளில் இருந்தார்கள்: செஞ்சாயமிட்ட குச்சிகளைப் பூங்கொத்துகள்போல் வெயிலில் விரித்துவைக்கும் ஹனோய் அருகிலுள்ள சிற்றூர்க்காரர்கள் ஒருபுறம், குச்சி வராத நாளில் இயந்திரத்தை நிறுத்திவைக்க வேண்டிய பத்தித் தொழிலாளர்கள் மறுபுறம். முன்பு மைசூர்ச் சந்தனம் சீனத்தில் புகைந்தது, இன்று கிழக்காசிய மூங்கில் மைசூரில் புகைகிறது.

அயல்நாட்டுக் குச்சியில் ஏற்றிய பத்தி வழிபாட்டுக்குத் தகுமா என்ற கேள்வியை ஆசாரவாதிகள் சிலர் எழுப்புவதுண்டு. மூங்கிலை எரிப்பதே கூடாதென்ற நம்பிக்கை ஒருபுறமிருக்க, பிறந்த நாட்டை வைத்துப் பண்டத்தின் தூய்மையை அளக்கும் வழக்கம் நூல்களில் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. இதற்கு இந்துப்பு ஒன்றே போதிய சான்று. சிந்து நிலத்து உப்பு என்பதால் சைந்தவம் என்று பெயர் பெற்று, தமிழில் இந்துப்பு என்றான அது, ஆயுர்வேதத்தில் உப்புகளிலெல்லாம் சிறந்ததாகவும், ஏகாதசி போன்ற நோன்புகளில் பல குடும்பங்கள் கடலுப்புக்கு மாற்றாகக் கொள்ளும் தூய பண்டமாகவும் மதிக்கப்படுகிறது. வடமொழி இலக்கணமும் மீமாம்சையும் கற்பிக்கும் இடங்களில், சைந்தவம் கொண்டுவா என்ற வாக்கியம் பலபொருள் ஒருமொழிக்குப் பழகிப்போன எடுத்துக்காட்டு: உண்ணும் நேரத்தில் சொன்னால் உப்பு, புறப்படும் நேரத்தில் சொன்னால் குதிரை, ஏனெனில் இரண்டுமே சிந்துவிலிருந்து வந்தவை. அந்த உப்பின் பெருஞ்சுரங்கமான கேவ்ரா இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் சரக்குக்கு 200 விழுக்காடு வரி விதித்த இந்தியா, பஹல்காம் படுகொலைக்குப் பின் 2025 மே 2 அன்று அந்நாட்டுச் சரக்கு நேரடியாகவோ வேறு நாடு வழியாகவோ வருவதை முற்றிலும் தடைசெய்தது. மைசூர்பாக்கு என்ற பெயரில் உள்ள பாக்கைக்கூட ஜெய்ப்பூர்க் கடைகள் சில அந்த மாதம் நீக்கி ஸ்ரீ என்று மாற்றிக்கொண்டன. பாகு என்பது சர்க்கரைப் பாகு என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு கன்னடரோ தமிழரோ அருகில் இல்லைபோலும். சிரிப்புக்குரிய அச்செய்தியைவிட, அதே நாட்களில் அட்டாரி எல்லை மூடப்பட்டதால் உலர்பழத்தோடு நடுவழியில் சிக்கிய ஆப்கானிய லாரிகளின் நிலை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவற்றின் உரிமையாளர் பகையின் இரு தரப்பிலும் இல்லாதவர். இந்திய அரசு சுமார் 160 லாரிகளைத் தனிச்சலுகையாக உள்ளே விட்டது, விட்டது நன்று. ஆனால் கௌடலியரின் கண்கொண்டு பார்த்தால், பறையறைவதற்கு முன்பே புறப்பட்டுவிட்ட சரக்கை உள்ளே விடுவது சலுகையாகாது, கடமையாகும்.

கிழக்கே சப்பானும் தென்கொரியாவும் இதே பாடத்தை வேறு பண்டத்தில் நடத்திக் காட்டின. போர்க்காலக் கட்டாய உழைப்புக்கு இழப்பீடு தர வேண்டும் என்று கொரிய உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்ததை அடுத்து முற்றிய கசப்பில், 2019 ஜூலையில் சப்பான் அரைக்கடத்தித் தயாரிப்புக்கு இன்றியமையாத மூன்று வேதிப்பொருள்களின் ஏற்றுமதியை இறுக்கியது. உலகெங்கும் கைப்பேசியும் கணினியும் செய்வோர் கலங்கினர். கொரிய ஆலைகள் மாற்று தேடிக்கொண்டன. 2023இல் கட்டுப்பாடு தளர்ந்தது. பிரதிநிதிப் பொருள் கிடைத்தது. வழக்கின் மூலகாரணமாகிய முதிய உழைப்பாளிகளுக்குப் பிரதிநிதி கிடையாது என்பதால் அந்தக் கசப்பு மட்டும் அங்கேயே இருந்தது.

அரசு தன் பாதுகாப்புக்காக வாயிலை மூடுவதை அறமற்றது என்று ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட முடியாது. 1947ஆம் ஆண்டின் வணிகப் பொது உடன்படிக்கையே தன் 21ஆம் பிரிவில் பாதுகாப்பை விதிவிலக்காக ஏற்கிறது. கொலையாளிக்குப் பணம் போகும் வழியை அடைப்பது கொலையைத் தடுப்பதன் ஒரு பகுதியே. ஆனால் நாட்டின் நன்மைக்காக என்று சொல்லும்போது, அந்த நன்மைக்கு விலைகொடுப்பவர் யார் என்பதையும் உடன் சொல்ல வேண்டிய கடப்பாடு மூடுபவருக்கு உண்டு. திருக்குறள் வணிகர் அறத்தைப் பொருட்பாலில் செல்வம் சேர்க்கும் வழியாக வைக்காமல், அறத்துப்பாலின் நடுவுநிலைமை அதிகாரத்தில், அதுவும் அதன் இறுதிக் குறளாக வைத்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. துலாக்கோலின் மறு தட்டில் இருப்பவரையும் காண்பதே நடுவுநிலைமையாயின், தடை விதிக்கும் அறிவிப்பில் வழியிலுள்ள சரக்குக்கான தவணையும், வேலை நிற்பவருக்கான ஈடும் இடம்பெறாதவரை, அந்தத் தடை நியாயமான காரணத்துக்காகச் செய்யப்பட்ட அநியாயமாகவே நிற்கும்.

ஆளுக்கு மாற்று இல்லை என்ற விதிக்கு மீமாம்சகர்கள் ஒரே ஒரு விலக்கு அளித்தார்கள். பலர் கூடி எசமானர்களாக இருந்து நீண்டகாலம் நடத்தும் சத்திரம் என்னும் வேள்வியில் ஒருவர் இறந்துவிட்டால், எண்ணிக்கை குறையாதிருக்க வேறொருவரைக் கொண்டுவந்து உட்காரவைக்கலாம். அவ்வாறு வந்தவர் எசமானருக்குரிய நோன்புகள் அனைத்தையும் ஏற்க வேண்டும். வேள்வியின் பலன் மட்டும் அவரைச் சேராது என்பது ஜைமினியின் முடிவு.